மணலிலும் நீரிலும் கிடந்த பந்தயக் கார்கள்: மூன்று மாதிரிகளைச் செய்து பார்த்த அனுபவம்

கடந்த தை மாதம், மாரி மழை ஓய்ந்து கல்லடிக் கடற்கரை மணல் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த ஒரு வாரத்தில், பாப்ஸ் என்னும் காரின் சிறு மாதிரியைச் செய்து அதை மணலுக்குள் புதைப்பதென்று முடிவு செய்தேன். இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில், மட்டை, பால்மாப் பேணித் தகடு, பழைய இறப்பர் செருப்பு ஆகியவற்றைக் கொண்டு கார் செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். செருப்பில் வட்டம் வெட்டிச் சில்லுச் செய்வது எங்கள் ஊர்ச் சிறுவர்கள் எல்லோரும் செய்ததுதான். நான் மட்டும் வயது வந்த பிறகும் அதை விடவில்லை. இதுவரை செய்தவை யாவும் பந்தயத் தடத்தில் நிற்கும் பளபளப்பான கார்கள். அலமாரியில் அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனதால், பந்தயக் கார் ஒன்று எந்த விதத்திலும் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாத இடத்தில் கிடக்கும் கோலத்தைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன்.

பாப்ஸின் கதையே என்னை இதில் இழுத்துவிட்டது. லூயிஸ் ஸ்போரோவ்ஸ்கி என்ற செல்வந்தர் 27 லீற்றர் கொள்ளளவுள்ள லிபர்ட்டி விமான இயந்திரத்தை ஏற்றி உருவாக்கிய அந்தக் காரை, அவர் 1924 ஆம் ஆண்டு பந்தயத்தில் இறந்த பின் பாரி தோமஸ் என்ற பொறியியலாளர் 125 பவுணுக்கு வாங்கி, தானே திருத்தி, பாப்ஸ் என்று பெயரும் வைத்தார். வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரையில் 1926 சித்திரையில் மணிக்கு 171.02 மைல், அதாவது ஏறத்தாழ 275 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி அவர் உலக சாதனை படைத்தார். அடுத்த வருடம் மாசியில் மல்கம் கம்பெல் அதே கடற்கரையில் அதனை முறியடிக்க, சாதனையை மீட்க வந்த தோமஸ் 1927 மார்ச் 3 ஆம் திகதி ஓட்டத்தின் நடுவே கார் நிலைதடுமாறி உயிரிழந்தார். காரை எடுத்துச் செல்ல எவருக்கும் மனம் வரவில்லை போலும். அந்தக் கடற்கரை மணலிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். 42 வருடங்களின் பின், 1969 இல், ஓவன் வின் ஓவன் என்ற விரிவுரையாளர் அதைத் தோண்டியெடுத்துப் பல வருடங்கள் செலவழித்து மீண்டும் ஓடவைத்தார்.

எந்த வருடத்தைச் செய்வது என்பதே முதற் கேள்வியாக இருந்தது. 1927 ஐச் செய்தால் பார்ப்பவருக்கு ஒரு தட்டு மணல் மட்டுமே தெரியும். உள்ளே கார் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய வேண்டி வரும். ஆகவே 1969 ஐ, அதாவது குழி பாதி தோண்டப்பட்டு, இயந்திரத்தின் மேற்பகுதியும் பின்சில்லுகளும் வெளியே தெரியும் வேளையைத் தேர்ந்தேன்.

மணல் எங்களூரில் தாராளமாகக் கிடைப்பது என்பதால் அந்த வேலை எளிது என்று எண்ணியது என் பெரிய தவறு. கடற்கரையிலிருந்து ஒரு பை அள்ளி வந்து தட்டில் பரப்பி, நடுவே காரை வைத்துப் பார்த்தபோது, கார் பருக்கைக் கற்குவியல் ஒன்றில் சிக்கியது போலத் தோன்றியது. கணக்குப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. அரை மில்லிமீற்றர் மணற்பரல் ஒன்று என் அளவுத்திட்டத்தில் 12 மில்லிமீற்றர், அதாவது ஒரு கச்சான் பருப்பின் அளவாகிவிடுகிறது. எவ்வளவு அரித்தாலும் கடல்மணல் இதற்கு உதவாது என்று தெரிந்ததும், வாவிக்கரையில் நீர் வற்றிய இடத்திலிருந்து வண்டலை எடுத்துவந்து, காயவைத்து, அம்மியில் பொடித்து, சமையலறை அரிதட்டில் ஒரு தடவையும் பழைய வேட்டித் துணியில் ஒரு தடவையும் அரித்தேன். “இந்த அரிதட்டில இனிப் புட்டுக்கு மா அரிக்க ஏலாது” என்று மனைவி அதை எனக்கே தந்துவிட்டார். இப்போது அது என் கருவிகளுள் ஒன்று.

அந்தப் பொடியும் முதல் முறை சரிவரவில்லை. பசை கலந்து பரப்பிய மூன்றாம் நாள், தட்டு முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. வாவி நீர் உவர்நீர் என்பதை மறந்து, வண்டலைக் கழுவாமல் விட்டதன் பலன் அது. கிணற்று நீரில் ஐந்து தடவை கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்த பிறகே உப்புப் பூப்பது நின்றது.

அடுத்தது துரு. இங்கே எனக்குப் படங்களைவிட நினைவே அதிகம் உதவியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடல்கோளுக்குச் சில வாரங்களின் பின், நாவலடிப் பக்கத்தில் மணலுக்குள்ளிருந்து எங்கள் உறவினர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைத் தோண்டியெடுத்தபோது நான் அருகில் நின்றேன். இரும்புச் சங்கிலி வளையம் வளையமாக இருக்கவில்லை. மணலும் துருவும் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. அலுமினிய இயந்திர உறை துருப்பிடிக்கவில்லை, ஆனால் அதன் மேல் வெண்ணிறப் பொடி பூத்து, நகத்தால் சுரண்டியபோது சிறு குழிகள் தெரிந்தன. முலாம் பூசிய கைபிடி கொப்புளம் கொப்புளமாக எழுந்திருந்தது. இறப்பர் ரயர்கள் மட்டும் கழுவியதும் புதியவை போல இருந்தன. ஒரே மணல், ஒரே உப்பு. ஒவ்வோர் உலோகத்தையும் அது வேறுவிதமாகத் தின்றிருந்தது. சில வாரங்களில் இவ்வளவு என்றால், 42 வருடங்களில் பாப்ஸின் உடற்தகடு பெரும்பாலும் போய்விட்டது வியப்பன்று. இயந்திரப் பாகங்கள் பல திருத்தக்கூடிய நிலையில் கிடைத்ததே வியப்பு. ஆழத்தில் ஈரமணல் இறுகிக் கிடக்கையில் காற்று உட்புகுவது குறைவு என்பதும், துருவுக்கு நீர் மட்டுமன்றி ஒட்சிசனும் வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

துருவின் நிறத்தைப் பூசுவதைவிட உண்மையான துருவையே பயன்படுத்துவது நல்லது என்று தோன்றியதால், லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தூள் வாங்கி, வினாகிரியும் உப்பும் சேர்த்து வெயிலில் வைத்தேன். இரண்டு நாட்களில் செம்மஞ்சளாகவும் ஒரு வாரத்தில் கடும் பழுப்பாகவும் மாறியது. இரண்டையும் தனித்தனியே எடுத்துவைத்து, மணலுக்கு மேலே தெரியும் இடங்களில் மஞ்சள் கலந்ததையும், மணலோடு ஒட்டிய இடங்களில் ஏறக்குறையக் கரிய துருவையும் தடவினேன். தகட்டுக்காக மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை ஓர் இரும்பாணியில் சுற்றி உப்புநீரில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். ஆணி தொட்ட இடங்களில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் விழுந்தன. கத்தியால் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அத்தகைய ஓரம் வராது.

சங்கிலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாப்ஸின் பின்சில்லுகளைச் சுழற்றியது சைக்கிளில் உள்ளது போன்ற சங்கிலி. அது அறுந்து தாக்கியதால்தான் தோமஸ் இறந்தார் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பின்னாளில், பின்சில்லே முதலில் உடைந்திருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்து, வலப் பின்சில்லை உடைந்ததாகவே செய்து, சங்கிலியை அதன்மேல் ஒரு துருக்கட்டியாக வைத்தேன்.

பங்குனி முடிவில் மணல் மாதிரி நிறைவுற்றதும் இரண்டாவதைத் தொடங்கினேன். 1955 மே 22 ஆம் திகதி மொனாக்கோ பந்தயத்தின் 81 ஆவது சுற்றில் அல்பேர்ட்டோ அஸ்காரி தனது லான்சியா டி50 காருடன் துறைமுகக் கடலுக்குள் பாய்ந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஸ்டேர்லிங் மோஸ்ஸின் மெர்சிடிஸ் அதே சுற்றில் பழுதாகி நின்றுவிட்டதால், அஸ்காரி இன்னும் சில விநாடிகள் தடத்தில் நின்றிருந்தால் பந்தயத்தின் முதலிடம் அவருடையதாகியிருக்கும். சில கணங்களின் பின் அவரது வெளிர்நீலத் தலைக்கவசம் நீர்மேல் தோன்றியது. உடைந்த மூக்கோடு மட்டும் தப்பினார். நான்கே நாட்களின் பின் மொன்ஸாவில் ஒரு பெராரியை ஓட்டிப் பார்த்தபோது இறந்தார். பத்து வருடங்கள் கழித்து, 1965 இல், போல் ஹோக்கின்ஸ் என்ற அவுஸ்திரேலியரும் லோட்டஸ் காருடன் அதே துறைமுகத்துக்குள் விழுந்து உயிர்தப்பினார்.

நான் செய்ய விரும்பியது அந்தச் சில கணங்களை. மேலிருந்து பார்த்தால் நுரையும் ஆவியும் மட்டும்; பக்கத்திலிருந்து பார்த்தால் நீருக்குள் மூக்குக் குத்தி இறங்கும் கார். அதற்கு ஒளி ஊடுருவும் நீர் வேண்டும் என்பதால், பைபர் தோணி திருத்தும் ஒருவரிடம், ஹார்டனர் என்னும் மருந்து கலந்தால் கண்ணாடி போல இறுகும் திரவமான ரெசினை வாங்கச் சென்றேன். காரை நீருக்குள் போடப்போகிறேன் என்றதும் அவர் சிரித்தார், பிறகு, “தம்பி, ஹார்டனரக் கூட்டிப் போடாதீங்க. இந்த வெயிலும் ஒரு ஹார்டனர்தான்” என்று எச்சரித்தார். அதைக் கேட்டேன், ஆனால் அவர் சொல்லாத ஒன்றில் அகப்பட்டேன். துறைமுகச் சுவரை றிஜிபோம் தக்கையில் வெட்டிவைத்து அதன்மேல் ரெசினை ஊற்றியதும், சுவர் என் கண்முன்னே சீனி கரைவது போலக் கரைந்து, பத்து நிமிடங்களில் மொனாக்கோவில் சுவரே இல்லாமற் போயிற்று. பொலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்தத் தக்கையைக் கரைக்கும் என்பதை ஒரு சிறு துண்டில் முதலிலேயே சோதித்திருக்கலாம். இரண்டாம் முறை சுவரைப் பலகையில் செய்தேன்.

ரெசினை ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி வெடிக்கிறது. விரற்கடை அளவு ஊற்றி, ஒரு நாள் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். ஏழு படைகள் ஊற்றினேன். நாலாவது படையில் ஓர் எறும்பு விழுந்துவிட்டது; என் அளவுத்திட்டத்தில் அது ஒரு பூனையின் அளவு. தோணி ரெசின் இறுகியதும் சற்று மஞ்சள் பச்சையாக, எங்கள் வாவியின் நிறத்துக்குத்தான் வந்தது. நான் பார்த்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆவிக்கு இலவம் பஞ்சு. தலைக்கவசத்துக்கு மகளின் அறுந்த மாலையிலிருந்த வெளிர்நீலப் பாசிமணி ஒன்றைக் கடைசிப் படையில் பாதி மூழ்க வைத்தேன். மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மணிதான்.

இடையில் ஒன்றைத் தொடங்கிக் கைவிட்டேன். 1999 லே மான்ஸ் பந்தயத்தில் பீற்றர் டம்பிரெக் ஓட்டிய மெர்சிடிஸ், மூக்கின் கீழே காற்றுப் புகுந்து மேலெழும்பி, தடத்தைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது, அவர் உயிர்தப்பினார். புளியங்கொப்பில் மரங்களைச் செய்து பார்த்தேன், பிரான்சின் காடு போல் ஒருபோதும் தெரியவில்லை. போரின்போது சுரங்கத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டு, 1945 இல் சோவியத் படைகளால் கொண்டுசெல்லப்பட்ட ஓட்டோ யூனியன் கார்களையும் எண்ணிப் பார்த்தேன். சுரங்கம் என்றால் ஒரு கறுத்த பெட்டி, அவ்வளவுதான். அதில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

வைகாசியில் மூன்றாவதற்கு வந்தேன். சுவிற்சர்லாந்தின் அஸ்கோனாவுக்கு அருகே மஜ்ஜோரே ஏரியில் 53 மீற்றர் ஆழத்திலிருந்து 2009 ஜூலை 12 ஆம் திகதி மேலே கொண்டுவரப்பட்ட 1925 ஆம் ஆண்டின் புகாட்டி பிரெஸ்சியா கார் அது. இத்தாலியின் பிரெஸ்சியா நகரில் 1921 இல் நடந்த பந்தயத்தில் புகாட்டிகள் முதல் நான்கு இடங்களையும் பிடித்ததால் வந்த பெயர் அந்த வகைக்கு. சுங்க வரி கட்டப்படாததால் அதிகாரிகள் காரை ஏரியில் இறக்கினார்கள் என்றும், பின்னர் தூக்கியெடுக்கும் எண்ணத்தோடு சங்கிலியில் கட்டியிருந்தார்கள் என்றும், சங்கிலி துருப்பிடித்து அறுந்ததும் அது அடிக்குப் போய்விட்டது என்றும் கதை சொல்லப்படுகிறது. 2010 இல் பாரிஸில் ஏலத்தில் 260,500 யூரோவுக்கு விலைபோனது. வாங்கியவர் திருத்தாமல், கிடைத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார். பாப்ஸைத் திருத்தியதும் இதைத் திருத்தாமல் விட்டதும் இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. தோமஸின் காரில் ஓடுவதற்கு இயந்திரம் மிஞ்சியிருந்தது. புகாட்டியில் மிஞ்சியிருந்தது ஏரி செய்த வேலை.

53 மீற்றரை என் அளவில் செய்தால் 2.2 மீற்றர் உயரத் தொட்டி வேண்டும், எங்கள் வாசற்கதவைவிட உயரம். ஆகவே ஏரியின் அடித்தளம் மட்டும். காரின் அச்சுக்கள் இரண்டுக்கும் இடையே 10 சென்ரிமீற்றர். இது நன்னீர், குளிர்நீர். மணலுக்குச் செய்த கரிய உப்புத்துரு இங்கே பொய்யாகிவிடும். மேற்பக்கத் தகடு சல்லடையாகி, துரு மெல்லிய செதிள்களாக எழ வேண்டும்; சேற்றில் அமிழ்ந்திருந்த பக்கம் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டிருக்கும் என்பதால் அங்கே நீலப் பூச்சின் சுவடு தெரிய வேண்டும். இரண்டு பக்கங்களையும் இரண்டு கார்கள் போல வெவ்வேறாகச் செய்து நடுவில் இணைத்தேன். செதிளுக்கு உலர்ந்த வெங்காயத் தோலின் உட்படையைப் பிய்த்து ஒட்டி, அதன்மேல் துருப்பொடி தடவியது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. சங்கிலியைப் பழைய தொலைபேசி வயரின் செப்புக் கம்பியில் வளைத்துக்கொண்டிருக்கிறேன்; நாற்பது வளையங்கள் முடிந்துவிட்டன.

சேற்றை நேற்றுத்தான் ஊற்றினேன். வெளியே கச்சான் காற்று வீசுகிறது. அந்தச் சூட்டில் மேற்பரப்பு விறுவிறென்று காய்ந்து, வயல்வரம்பு போல வெடித்துவிடும். ஏரியடியில் வெடித்த சேறு இருக்க முடியாது. பலகையை ஈரச்சாக்கால் மூடி, அறையின் யன்னலைச் சாத்தி, காலையும் மாலையும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவருகிறேன். இன்று காலை வரை முன்சில்லுக்கு அருகே ஒரேயொரு கீறல்.