நேற்றுக் குளித்தது இன்னும் போகவில்லை

செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கு வந்த வருடத்தை மறக்கவே முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரித்தோம். சுவரின் கீழ்ப்பாதியில் கறுப்பு பெயின்ட் அடித்து ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தோம். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்து, தன் படிக்கான பாட அட்டையை அவரவரே எடுத்துப் படிக்க வேண்டும். மெதுவாகப் போகிற பிள்ளையை யாரும் இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. பெருக்கல் வராமல் பின்பெஞ்சில் அழுதவள் நான். பயிற்சியில் இதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

காலையில் வந்ததும் ஆரோக்கியச் சக்கரம். பல் துலக்கினேனா, குளித்தேனா, நகம் வெட்டினேனா என்று பிள்ளைகளே குறிக்க வேண்டும். முதல் வாரம் எல்லாரும் குளித்திருந்தார்கள், தலையில் வைக்கோல் ஒட்டியிருந்த பையன் உட்பட. கேட்டேன். "நேத்து குளிச்சேன் டீச்சர், அது இன்னும் போகல" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

வானிலை அட்டவணையில் ஒரு சின்னப் பெண் பங்குனி வெயிலில் தினமும் மழை என்றே குறித்துவந்தாள். "எங்க கெணத்துல தண்ணி இல்ல டீச்சர். எழுதினா வரும்ல?" அதை நான் திருத்தவில்லை.

ஒரு அம்மா வந்து, "தரையில உட்காரவா யூனிபார்ம் துவைச்சு அனுப்புறேன்?" என்று சண்டை போட்டார். சரி, அதைப் பேசித் தீர்த்தோம்.

பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவரிடம்தான் பேச முடியவில்லை. "இந்த மாசம் எந்தப் பாடம் நடக்குது?" என்றார். 32 பிள்ளைகளும் 32 இடத்தில் இருப்பதைச் சொன்னேன். "எல்லாரையும் ஒரே படிக்குக் கொண்டு வாங்க. பதிவேட்டுக்கு வசதியா இருக்கும்" என்றார். அவரவர் வேகத்தில் ஏறத்தானே ஏணி? ஆனாலும் பயந்துவிட்டேன். அன்று மாலை தனியாக உட்கார்ந்து, யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று காட்ட சுவரில் இருந்த அடைவு அட்டவணையில் பின்தங்கியவர்களை எல்லாம் பென்சிலால் மேலே ஏற்றினேன்.

மறுநாள் காலை அந்த வைக்கோல் தலைப் பையன் அட்டவணை முன்னால் வெகுநேரம் நின்றான். அப்புறம் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"டீச்சர், தப்பா போட்டிருக்கீங்க. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்" என்று விரலால் தொட்டுக் காட்டினான்.

ரப்பரை எடுத்து, நான் ஏற்றிய எல்லாரையும் அவரவர் இடத்துக்கே இறக்கினேன். கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குக் கைவர இன்னும் ஒன்பது நாள் ஆனது. அந்தப் படியில் அவனே குறியிட்டான்.