கப்பல்துறை மதிலுக்குச் சுண்ணாம்புக் காரை பூச அனுமதி வாங்கிய கதை

லண்டன் வாப்பிங்கில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு செங்கல் மதில் நீளமாகப் போகிறது. 1805இல் திறந்த லண்டன் டாக்ஸ் துறையைச் சுற்றி எழுப்பியது. புகையிலை, ஒயின், பிராந்தி என்று விலை கூடிய சரக்கு இறங்கிய இடம். திருட்டுப் போகாமலிருக்கத்தான் அவ்வளவு உயரம். இதை வடிவமைத்த டேனியல் ஆஷர் அலெக்சாண்டர்தான் டார்ட்மூர் சிறையையும் வடிவமைத்தவர். துறையை மூடி, தூர்த்து, வீடுகள் கட்டிய பிறகும் மதில் நிற்கிறது.

இரண்டு குளிர்காலமாகச் செங்கலின் முகம் பொரிந்து உதிர்ந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் வேலை என்னிடம் வந்தது. முதலில் பார்த்த கொத்தனார், "சிமென்ட் வைத்து ஒரு வாரத்தில் அடைத்துவிடலாம்" என்றார். சரி என்றிருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாதான் தடுத்தார்: இது இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சுவர், அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்றம்.

உள்ளாட்சி கவுன்சிலுக்குத் தரும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவு சொல்ல எட்டு வாரக் கெடு. சுவரின் வரலாறு பற்றிய அறிக்கையும் படங்களும் எளிதாக முடிந்தன. செங்கல் இடுக்குகளில் பூசும் கலவையின் விவரத்தில் மாட்டிக்கொண்டேன். "பொருத்தமான கலவை" என்று எழுதியது திரும்பி வந்தது. அப்புறம் பழைய காரையில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, மிஞ்சிய மணலைச் சலித்துப் பார்த்து அளவு சொன்னார்கள்.

கவுன்சிலின் பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்தபோதுதான் காரணமே புரிந்தது. முன்பு யாரோ சிமென்ட் பூசிய பகுதியில் மட்டும்தான் செங்கல் உதிர்ந்திருந்தது! சுண்ணாம்புக் காரை வழியாகச் சுவரின் ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கலிலேயே தங்குகிறது. பனியில் உறைந்து விரிந்து முகத்தைப் பெயர்த்துவிடுகிறது. அன்று அவசரப்பட்டிருந்தால் நானே இருநூறு வருடச் சுவரைக் கெடுத்திருப்பேன். இன்னும் நெஞ்சு பதறுகிறது.

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. கிரைண்டர் கூடாது, செங்கலின் ஓரம் சிதையும். இடுக்குகளில் உள்ள பழைய பூச்சை உளியால் கையாலேயே சுரண்ட வேண்டும். முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி. எங்கள் முதல் மாதிரி வெளுப்பாக இருந்ததால் மணலை மாற்றி மறுபடி பூசினோம். உறைபனி பட்டால் சுண்ணாம்பு கெட்டுவிடும் என்று மே மாதம் வரை காத்திருந்தோம். பூசிய இடம் சட்டென்று காயாமலிருக்க ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன்.

இன்னும் பன்னிரண்டு மீட்டரில் பழைய சிமென்ட் இருக்கிறது. அதற்குப் பணம் சேர்க்கிறோம்.