ஜென் மேனிஃபோல்டுக்குப் பவுடர் கோட்டிங்: இரண்டு முறை மலை இறங்கிய கதை

என்னிடம் இருப்பது 97 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. 993 சிசி, எஞ்சின் பிளாக்கே அலுமினியம். கோத்தகிரி ஈரத்தில் இத்தனை வருஷம் கிடந்ததில் இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது கார்புரேட்டரில் கலந்த பெட்ரோலும் காற்றும் எஞ்சினுக்குள் போகும் அலுமினியக் குழாய்த் தொகுதி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதன் மேல் எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டி, காய்ந்து, பழைய வடைச்சட்டியின் அடி மாதிரி ஆகியிருந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. பானெட்டைத் திறந்தால் எனக்குத்தான் கண்ணை உறுத்தும்.

முதலில் சோம்பேறித்தனமாக ஸ்ப்ரே டப்பா வாங்கி சில்வர் அடித்தேன். ஐப்பசி மாதம், மத்தியானம் மூன்று மணி. இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குள் மஞ்சு ஏறிவிட்டது. தின்னர் ஆவியாகும்போது உலோகத்தின் மேல்பரப்பு இன்னும் குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் பெயிண்ட் மேலேயே படியும். பத்து நிமிடத்தில் சில்வர் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தது. போனால் போகட்டும் என்று அப்படியே மாட்டினேன். இரண்டு வாரத்தில் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிப் பெட்ரோல் வழிந்தது. துடைத்த துணியோடு பெயிண்டும் வந்துவிட்டது. கார்புரேட்டர் வண்டியில் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் நிற்காது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சரி, பவுடர் கோட்டிங் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பொடியை மின்னேற்றித் தூவி, 200 டிகிரி சுமாருக்குச் சூடாக்கி உருக்கிப் பிடிக்க வைக்கும் வேலை. ஒழுங்காக வெந்த பூச்சைப் பெட்ரோல் லேசில் அசைக்காது. இன்டேக் பக்கம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைத் தாண்டி அதிகம் போகாது என்பதால் சாதாரண பவுடரே போதும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு இதை அடித்தால் கருகிவிடும், அதற்கு வேறு பூச்சு.

தை மாதம் வெயில் நிலைத்ததும் கழற்றினேன். கார்புரேட்டருக்கு அடியில் சூடான கூலன்ட் ஓடுவதால் முதலில் ரேடியேட்டரைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு வேக்குவம் ஹோஸிலும் டேப் சுற்றி எண் எழுதிக்கொண்டேன். கீழ் வரிசையில் ஒரு நட்டுக்குக் கண் போகாது, விரல்தான் போகும். அந்த ஒன்றுக்கே முக்கால் மணி நேரம்.

அழுக்கெடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொன்னார் ஒருவர். நல்லவேளை, பழைய அலுமினிய மூடி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பொங்கிப் பொங்கிக் கருத்துப்போனது. காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், அந்தப் பக்கமே போக வேண்டாம். மண்ணெண்ணெய், பிரஷ், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு என்று போனேன்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதனால் மேனிஃபோல்ட் மஞ்சப்பையில் ஏறி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து சீட்டுப் பாட்டி, “என்ன தம்பி, மண்ணெண்ணெய் வாடை?” என்றார். “வண்டி சாமான் பாட்டி” என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் பட்டறைக்காரர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். “பழைய கேஸ்டிங்குங்களா? இப்படியே அடிச்சா கொப்புளம் போடுமுங்க. உள்ளாற எண்ணெய் குடிச்சிருக்கும். நல்லா அடுப்புல வெச்சு பேக் பண்ணிக் கொண்டாங்க.” அங்கே அன்று அடுப்பு முழுக்க கேட், கிரில் லோடு. மஞ்சப்பையோடு திரும்ப மலை ஏறினேன்.

அவர் சொன்னது சரிதான். வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அதில் எண்ணெயும் காற்றும் உட்கார்ந்திருக்கும். பவுடர் உருகும் நேரத்தில் அவை வெளியே வந்தால் ஊசி குத்தியது போல் துளை துளையாக விழும். முன்கூட்டியே அதே சூட்டுக்கோ, கொஞ்சம் கூடவோ சூடாக்கி வெளியேற்றிவிட வேண்டும்.

அடுப்புக்கு எங்கே போவது? வர்க்கி போடும் பேக்கரி அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “திங்குற பொருள் வேகுற அடுப்புடா அது” என்றார். கேட்டிருக்கவே கூடாது. கடைசியில் காயலான் கடையில் 700 ரூபாய்க்குப் பழைய ஓடிஜி, அதாவது வீட்டு மின் அடுப்பு, கிடைத்தது. இனி அதில் கேக் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

வராந்தாவில் வைத்து 220 டிகிரியில் ஒரு மணி நேரம். அரை மணியில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேனிஃபோல்ட் வியர்த்திருந்தது. கழுவித் துடைத்து, கைக்குச் சுத்தமாக இருந்த உலோகம். அதிலிருந்து தேன் நிறத்தில் சின்னச் சின்னச் சொட்டாக எண்ணெய் கசிந்து, ஓரமாகச் சேர்ந்து, புகைந்தது. ஆறியதும் தின்னரில் துடைத்து மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவைதான் புகை நின்றது.

இரண்டாவது பயணத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. மணலை வேகமாக அடித்துச் சுரண்டும் பிளாஸ்டிங், மறுபடி ஒரு சூடு, அப்புறம் பவுடர். அன்றே வேண்டுமென்றால் கருப்புதான் என்றார், கருப்புக்குத் தலையாட்டினேன். கேஸ்கெட் (இரண்டு உலோகத்துக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் அட்டை) உட்காரும் முகங்களை மட்டும் நான் பக்கத்திலேயே நின்று சூடு தாங்கும் டேப் ஒட்ட வைத்தேன். அங்கே பவுடர் ஏறினால் கேஸ்கெட் சரியாக உட்காராது, காற்று இழுக்கும். வீட்டுக்கு வந்து குழாய்களுக்குள் தண்ணீர் அடித்தால் ஒரு ஸ்பூன் அளவு பிளாஸ்டிங் மணல் வந்தது. அது எஞ்சினுக்குள் போயிருந்தால் சிலிண்டர் போய்விடும். குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி, கறை வராத வரை துடைத்தேன்.

மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஐடிலிங் அருமை. கேஸ்கெட் ஓரங்களில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன், எஞ்சின் வேகம் மாறவில்லை, லீக் இல்லை. ஆனால் டெம்பரேச்சர் முள் மட்டும் அசையவே இல்லை. கோத்தகிரிக் குளிர்தானே என்று இருபது நிமிடம் ஓடவிட்டேன். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, முள் அடியிலேயே கிடக்கிறது.

சென்சார் போய்விட்டது என்று புதிதுக்கே சொல்லியிருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த சென்சாருக்கு ஒரே ஒயர். எர்த் அதன் மரை வழியாக மேனிஃபோல்டுக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். நடுவில் கேஸ்கெட், நட்டுகள் உட்காரும் இடத்தில் பவுடர், எர்த் ஒயர் முனையில் இருக்கும் லக் என்ற வளையத்துக்கு அடியிலும் பவுடர். மேனிஃபோல்டையே அழகாக இன்சுலேட் செய்து வைத்திருக்கிறேன்! லக்கைக் கழற்றி, ஐந்து பைசா அளவு வட்டத்துக்கு எமரியால் வெள்ளை தெரியத் தேய்த்து இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து பாதிக்கு வந்து நின்றது.

மேனிஃபோல்டின் மூன்றாவது குழாயின் அடியில் இரண்டு ஊசித்துளை இருக்கிறது, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். மற்றபடி பளபளவென்று இருக்கிறது, ஏர் ஃபில்டர் டப்பாவை மேலே வைக்கும் வரை. வைத்துவிட்டால் முக்கால்வாசி மறைந்துவிடுகிறது.