நியூரோவில் விழுந்து எழுந்தேன்: ஏழு ஷீட்டும் நான்கு நூலும்

போன வாரம் சப்ளிமெண்டரி ரிசல்ட் வந்தது. அனாட்டமி பாஸ். மெயினில் போனதும் அதே அனாட்டமிதான், கவிழ்த்தது அதில் வரும் நியூரோ, அதாவது மூளை, நரம்புப் பகுதி. இந்த வருஷம் மருத்துவப் படிப்பில் முதலாம் ஆண்டு எழுதப்போகிறவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தியரி பேட்டர்ன், ஸ்பாட்டர்ஸ் (வைத்திருப்பதைப் பார்த்து இன்னதென்று சொல்லும் தேர்வு) எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம். பள்ளியில் ‘முகுளம்: சுவாசம், இதயத் துடிப்பு’ என்று ஒரு வரியில் முடிந்த இடம், இங்கே மூன்று குறுக்குவெட்டாக வந்து நின்றது. எங்கள் பேட்சுக்கு நியூரோவைக் கடைசியில் வைத்து வேகமாக ஓட்டிவிட்டார்கள். ஒரு மூளையைச் சுற்றி அத்தனை பேர். பின்வரிசையில் நின்ற எனக்கு ஃபார்மலினில் கண் எரிந்தது நினைவிருக்கிறது. சல்கஸ் என்கிற மூளைப் பள்ளம் ஒன்றைக்கூடப் பார்த்த நினைவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எனவே மனப்பாடம் செய்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்டது இது: “வலது பக்க முகத்தில் வலியும் சூடும் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே இடது பக்கம் தெரியவில்லை. அடி எங்கே?” மூளையின் ஒரு பாதி எதிர்ப்பக்க உடம்பை ஆள்கிறது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குள் இது அடங்கவில்லை. “இன்டர்னல் கேப்சூல்” என்றேன், அது பெருமூளைக்குள் இருப்பது. அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். தியரியிலும் இதே தப்புதான்: தொடுவுணர்வைக் கொண்டுபோகும் டார்சல் காலம் பாதையை ஸ்பைனல் கார்டிலேயே (தண்டுவடம்) எதிர்ப்பக்கம் கடக்கவிட்டிருந்தேன்.

எந்தப் பாதை எங்கே கடக்கிறது? என்னைக் கேட்டால் நியூரோவில் பாதி இந்த ஒரு கேள்விதான்.

ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஸ்டேஷனரி கடையில் ஏழு ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) வாங்கி, ஷீட்டுக்கு ஒன்றாக மூளைத்தண்டின் ஏழு குறுக்குவெட்டையும் வரைந்தேன். அடியிலிருந்து, மெடுலாவில் (முகுளம்) மோட்டார் டிகசேஷன், சென்சரி டிகசேஷன் (டிகசேஷன் என்றால் இழைகள் எதிர்ப்பக்கம் கடப்பது), ஆலிவ் மட்டம். அதற்கு மேல் பான்ஸில் ஃபேஷியல் காலிகுலஸ், ட்ரைஜெமினல் மட்டம். உச்சியில் மிட்பிரெய்னில் (நடுமூளை) இன்ஃபீரியர், சுப்பீரியர் காலிகுலஸ். நடுவே தெர்மாகோல் துண்டு வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஊசியும் நான்கு நிற நூலும்.

சிவப்பு, கார்டிகோஸ்பைனல், தசையை இயக்கும் பாதை. மேலிருந்து தன் பக்கத்திலேயே இறங்கி, அடி ஷீட்டில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தாவும். நீலம், டார்சல் காலம். கீழிருந்து தன் பக்கமாக ஏறி, இரண்டாவது ஷீட்டில் கடந்து மீடியல் லெம்னிஸ்கஸ் ஆகும். ஆலிவ் மட்டத்தில் நடுக்கோட்டை ஒட்டி நின்றுகொண்டிருக்கும், பான்ஸில் படுத்துவிடும், மிட்பிரெய்னில் ஓரத்துக்கு ஒதுங்கும். பச்சை, ஸ்பைனோதாலமிக், உடம்பின் வலியும் சூடும். கார்டிலேயே கடந்துவிட்டதால் அடி ஷீட்டுக்குள் நுழையும்போதே எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும்.

மஞ்சள், முகத்தின் வலி. பான்ஸில் நுழைகிறது. மேலே போகும் என்று நினைத்து ஊசியை உயர்த்தினேன், பிறகு புத்தகத்தைப் பார்த்துக் கீழே திருப்பினேன். அது தன் பக்கத்திலேயே மெடுலா வழியாகக் கழுத்துக் கார்டு வரை இறங்கி, அதன் பிறகுதான் கடந்து ஏறுகிறது. மூன்றாவது ஷீட்டின் வலது ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அங்கே இன்னும் கடக்காத மஞ்சள் இருக்கிறது, அது வலது முகம். ஏற்கெனவே கடந்துவிட்ட பச்சையும் இருக்கிறது, அது இடது உடம்பு. அந்த எக்ஸ்டெர்னலின் கேள்விக்குப் பதில் என் விரலுக்கு அடியில் இருந்தது: மெடுலாவின் ஓரம் அடிபடும் லேட்டரல் மெடுலரி சின்ட்ரோம். ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுவிட்டேன்.

அதே ஷீட்டில் நடுப்பக்கம் அடிபட்டால் சிவப்பும் நீலமும் நாக்கை அசைக்கும் ஹைப்போகிளாசல் நரம்பும் சேர்ந்து போகும். எதிர்ப்பக்கக் கை கால் விழும். நீட்டினால் நாக்கு அடிபட்ட பக்கமே சாயும். தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அப்பத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நான் பிளஸ் ஒன். “ஏத்தா, இந்தக் கை எங்கிட்டு இருக்குன்னே தெரியலத்தா” என்று இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டியது. வாய் வலது பக்கம் இழுத்திருந்தது. ஆனால் டாக்டர் மேலே பார்க்கச் சொன்னபோது நெற்றியில் விபூதிப் பட்டை இரண்டு பக்கமும் ஒரேபோலச் சுருங்கியது. முகத்தின் மேல்பாதிக்கு இரண்டு பக்கக் கார்டெக்ஸிலிருந்தும் (மூளைப் புறணி) இழை வருவதால் அப்படி என்று இப்போது தெரிகிறது. அப்பர் மோட்டார் நியூரான் ஃபேஷியல் பால்சி (மூளையிலிருந்து இறங்கும் பாதை அடிபட்டு வரும் முகவாதம்) கேள்வி வந்தால் நான் அந்த நெற்றியைத்தான் எழுதுவேன்.

மற்றவை, வேகமாக:

- மிட்பிரெய்ன் ஸ்பாட்டரில் ரெட் நியூக்ளியஸ் தெரிந்தால் சுப்பீரியர் காலிகுலஸ் மட்டம்.
- மூளைத்தண்டின் பின்பக்கமாக வெளியேறும் ஒரே கிரேனியல் நரம்பு (மூளை நரம்பு) நான்காவது. கண்டிப்பாகக் கேட்பார்கள்.
- சிறுமூளை அடிபட்டால் உடம்பில் குறை தெரிவது அதே பக்கம்.
- பெரியவர்களுக்குக் கார்டு எல்1 (இடுப்பு முள்ளெலும்பில் முதலாவது) கீழ்விளிம்பை ஒட்டி முடிகிறது, பிறந்த குழந்தைக்கு எல்3. லம்பார் பங்சர் (முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுப்பது) எல்3–எல்4 இடைவெளியில் ஏன் என்பதற்கு இதுவே பதில்.
- பிராட்மேன் நம்பரில் (மூளைப் புறணிப் பகுதிகளுக்கான எண்) 4, 3, 1, 2, 17, 41, 42, 44, 45 எனக்குப் போதுமாக இருந்தது.
- படத்தை முதலில் போடுங்கள், பிறகு எழுதுங்கள்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு பேர் பேசும்போது எனக்குப் புரிந்தது போலவே இருக்கும், தனியாக வரைய உட்கார்ந்தால் கை நிற்கும். விடியற்காலையில் பேச்சில்லாமல் வரைவதுதான் என் வழி. பேசிப் பேசிப் படிப்பவர்களும் ஒரு முறையாவது நூலைக் கோர்த்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சப்ளிமெண்டரி வைவாவில் வேறொரு மேடம் வெபர் சின்ட்ரோம் (மிட்பிரெய்னில் ஒரு பக்கம் அடிபடுவது) கேட்டார். மேலிருந்து முதல் ஷீட்டை மனதில் எடுத்தேன்: மூன்றாவது நரம்பு அதே பக்கம், சிவப்பு நூல் இன்னும் கடக்கவில்லை. சொல்லி முடிக்கும் வரை மேடம் குறுக்கே பேசவே இல்லை.

செய்கிறவர்கள் மஞ்சள் நூலை மட்டும் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். அது இறங்கிவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். எனக்குப் பாதியில் பற்றாமல் போய் அவிழ்த்து மறுபடி கோர்த்தேன்.