தாளில் 221 குதிரைவலு, சக்கரத்தில் 157

என் காரில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியை மாற்றி, ட்யூன் செய்து முடித்த கையோடு, காரின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினின் வண்ணத் தாள் ஒன்றையும் நீட்டினார்கள். மூலையில் தடித்த எழுத்தில் 221 எச்.பி. கார் 2005ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ், ஆர்53. பிரேசிலில் செய்த 1.6 லீற்றர் ட்ரைடெக் எஞ்சின், அதன் மேல், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். கம்பெனிக் கணக்கில் இதன் சக்தி 170 பி.எஸ். (பி.எஸ்.ஸும் எச்.பி.யும் ஏறத்தாழ ஒன்றே). தொழிற்சாலையே சிலிண்டர் ஹெட், இன்ஜெக்டர், புல்லி எல்லாம் மாற்றி விற்ற ஜோன் கூப்பர் வேர்க்ஸ் வடிவம்கூட 210 பி.எஸ்.ஸில் நின்றுவிட்டது. வெறும் 15 சதவீதம் சிறிய புல்லியும் ஒரு சொஃப்ட்வேரும் போட்டால், அதுவும் கொழும்பு வெயிலில், 221 எப்படி வரும்? கேட்டேன். "மெஷின் பொய் சொல்லாது" என்றார் கடை முதலாளி. அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த எண்ணை விடாமல் துரத்தியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறக்கும் வரை ஊரில் இருந்த பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. மாற்றம் செய்த கார் என்றால் விற்பவர் முதலில் எடுத்துக் காட்டுவது டைனோ தாளைத்தான், விலையும் அதை வைத்துத்தான். அந்தத் தாளை எப்படி வாசிப்பதென்று தெரியாதவர் இலட்சக்கணக்கில் இழக்கிறார்.

எங்கள் வீட்டில் வேறொரு வழக்கும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தப்பா மகன் ஏஈ101 கொரோலா வைத்திருக்கிறான். அதில் டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்ஈ எஞ்சின். அதுவும் 1.6 லீற்றர், அதுவும் சூப்பர்சார்ஜர், ஜப்பானில் அறிவித்த சக்தி அதே 170 பி.எஸ். அவனிடமும் ஒரு தாள், 198 என்று. ஆக 23 குதிரை வித்தியாசம். ஆனால் காலி முகத்திடலில் இருந்து வெள்ளவத்தை வரை அவன் காரையும் என் காரையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்த எவருக்கும் அந்த 23 தெரியவில்லை. "அண்ணா, ரெண்டையும் ஒரே டைனோவில ஒரே நாளில ஏத்துவம்" என்றான். அதுதான் சரியான வழி. இரண்டு டைனோவில் வந்த இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை. கனத்த உருளையைச் சுழற்ற எடுக்கும் நேரத்தில் இருந்து சக்தியைக் கணக்கிடும் வகை ஒன்று, சுமை கொடுத்து அளக்கும் வகை இன்னொன்று, சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் பூட்டும் வகை மற்றொன்று. ஒரே கார் மூன்றிலும் மூன்று எண் தரும்.

சரி, தொடர்பில்லாத இன்னோர் இடத்தில் நேரம் வாங்கினோம். இருவரும் ஒரே பெற்றோல் செட்டில் 95 ஒக்டேன் நிரப்பினோம். சூப்பர்சார்ஜர் காருக்கு 92 அடித்தால், எஞ்சின் தட்டுவதை உணரும் நொக் சென்சர் பற்றவைப்பைப் பின்தள்ளிவிடும், எண் கீழே போகும். நான்கு டயருக்கும் 35 பி.எஸ்.ஐ. இவ்வளவு தயாரிப்போடு போனால், வாசலிலேயே தடை. காரைப் பட்டி போட்டுக் கட்ட முன்பக்கத் திருகுக் கொக்கி வேண்டும் என்றார்கள். மினியில் அது பம்பரில் ஒரு மூடிக்குப் பின்னால் திருகிப் பூட்டுவது, டிக்கி டூல்கிட்டில் இருக்க வேண்டியது. கார் என் கைக்கு வந்த நாளிலேயே அது இல்லை. நேரம் கேட்டபோது கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது. சொல்லவில்லை, முற்பணத்தையும் திருப்பித் தர மறுத்தார்கள்.

அப்புறம் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நானா, "மினிக்கா தம்பி? அடிபட்ட கார் ஒன்டு வெட்டினம், அந்த டூல்கிட் கிடக்குது, பாருங்க" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். நட், ஸ்பேனர், உடைந்த விளக்கு மூடிகளுக்கு நடுவில் அந்தக் கொக்கி. நூல் பொருந்துகிறதா என்று காரில் வைத்துத் திருகிப் பார்த்துவிட்டே காசு கொடுத்தேன். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் இப்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள். இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்.

மறுமுறை காலை நேரத்தையே கேட்டு வாங்கினோம். ஒக்டோபர் மாதம், பின்னேரம் இடியும் மழையும் நிச்சயம். மழை வந்தால் ஈரப்பதம் மாறும், இரண்டு கார்களையும் ஒப்பிட முடியாது.

ஏற்றினார்கள், நான்காம் கியர், முதல் ரன்: சக்கரத்தில் 155. இரண்டாவது 149. மூன்றாவது 143. டைனோ ஓட்டிய பையன், "எஞ்சின் களைச்சுப் போச்சு அண்ணா, இதான் உங்க கார்" என்று அடுத்த காரைக் கூப்பிடப் போனான். நான் விடவில்லை. காரின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி போர்ட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, சூப்பர்சார்ஜரில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ரன் தொடங்கும்போது 48 பாகை, மூன்றாவது தொடங்கும்போது 81. இன்டர்கூலரில் கை வைத்தேன், உடனே எடுக்க வேண்டியிருந்தது.

ஆர்53இன் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது. பொனட்டில் உள்ள வாய் வழியாகக் காற்று நேரே அதன் மேல் இறங்க வேண்டும். இவர்களோ பொனட்டை முழுதாகத் திறந்து, மின்விசிறியை முன் கிரில்லுக்கு வைத்திருந்தார்கள். ரேடியேட்டருக்குக் காற்று, இன்டர்கூலருக்கு ஒன்றுமில்லை. பொனட்டை மூடச் சொன்னேன். "எல்லாக் காரும் திறந்துதான் ஓடுறது." நான் கேட்பதற்குக் காசு கொடுக்கிறேன் என்று சொல்லி, கைப்பேசி எண்ணைக் காட்டி, வாதாடி மூட வைத்தேன். இன்னொரு விசிறியைக் கொண்டுவந்து அந்த வாயை நோக்கித் திருப்பினோம். காற்று வெப்பநிலை இறங்கும் வரை காத்திருந்தோம். அடுத்த ரன் 157, அதற்கடுத்தது 156. அந்த இரண்டு எண்ணையும் திரையில் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. கார் களைக்கவில்லை, மூச்சுவிட இடம் கேட்டது.

புல்லியைச் சிறிதாக்கினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும், காற்றின் சூடும் சேர்ந்தே ஏறும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. போதாக்குறைக்கு எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் அந்த சூப்பர்சார்ஜரைச் சுழற்றுகிறது. அதனால் இந்த வகைக் காருக்கு ஒரே ஒரு குளிர்ந்த ரன்னை வைத்து எண் சொல்பவரை நம்பாதீர்கள். மூன்று ரன்னும் தாளில் இருக்க வேண்டும்.

கொரோலா சிக்கல் இல்லாமல் முடிந்தது: 149, 151, 148. தாளில் 23 குதிரை வித்தியாசம், ஒரே உருளையில் 6.

இந்த எண்கள் எல்லாம் எஸ்.ஏ.ஈ. ஜே1349 திருத்தத்தில் வந்தவை. திருத்தம் என்பது அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதத்தை ஒரு பொது நிலைக்குக் கொண்டுவரும் கணக்கு. ஜே1349 எடுப்பது 25 பாகையும் 990 மில்லிபார் உலர் காற்றும். எஸ்.டி.டி. என்று தாளில் போடும் பழைய திருத்தமோ ஏறத்தாழ 15.5 பாகை, 1013 மில்லிபார். நம் 32 பாகைப் புழுக்கத்தில் ஜே1349 சுமார் 3 சதவீதம் கூட்டும், எஸ்.டி.டி. 6, 7 சதவீதம் கூட்டும். கார் அதே கார்தான். தாளின் அடியில் பொடி எழுத்தில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்த 221. வீட்டுக்கு வந்து பழைய தாளை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். குதிரைவலு என்பது பவுண்ட்-அடியில் உள்ள டோர்க்கை, அதாவது முறுக்கு விசையை, சுழற்சி வேகத்தால் பெருக்கி 5,252ஆல் வகுத்தது. அதனால் ஒரே அளவுகோலில் வரைந்தால் இரண்டு கோடுகளும் 5,252 ஆர்.பி.எம்.மில் வெட்டியே ஆக வேண்டும். எந்த எஞ்சினாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. என் தாளில் அவை வெட்டியது 3,900ஐ ஒட்டி. ஆக, சக்திக் கோட்டை மட்டும் யாரோ தூக்கியிருக்கிறார்கள், டோர்க் கோட்டைத் தொட மறந்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

தாளோடு அந்தக் கடைக்குப் போய், ரன் கோப்பைத் தாருங்கள் என்றேன். கம்பியூட்டர் பழுது, ஆள் லீவு என்று இழுத்தார்கள். 5,252 கணக்கை அவர்கள் தாளிலேயே பேனாவால் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் காருக்குக் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். கோப்பு பென்டிரைவில் வந்தது.

அதில் எல்லாமே இருந்தது. திருத்தம் எதுவும் இல்லாமல் சக்கரத்தில் 152. போட்ட திருத்தம் எஸ்.டி.டி. வகை. காற்று சென்சர் காட்டியது 45 பாகை. கொழும்பில் அப்படி ஒரு நாள் கிடையாது, சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் சென்சரைத் தொங்கவிட்டால்தான் அந்த எண் வரும். அதனால் 9 சதவீதம் கூடி ஏறத்தாழ 166. அதற்கு மேல், எஞ்சின் சக்தியில் 25 சதவீதம் சக்கரத்துக்கு வரும் வழியில் கியர்பொக்ஸில் இழக்கப்படுகிறது என்று வைத்து, 166ஐ 0.75ஆல் வகுத்து 221. முன்சக்கர ஓட்டக் காருக்குப் பெரும்பாலோர் எடுக்கும் இழப்பு 12 முதல் 15 சதவீதம். என் 157ஐ 13 சதவீதத்தில் கணக்கிட்டால் எஞ்சினில் 180 அளவில் வரும். புல்லி மட்டும் மாற்றிய காருக்கு அது நியாயமான எண், நல்ல எண். அதைச் சொல்லியிருந்தாலே நான் திருப்தியோடு போயிருப்பேன். ட்யூன் காசில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள், முழுவதையும் இல்லை.

தம்பியின் தாளில் திருத்தத்தின் பெயரே போட்டிருக்கவில்லை, எச்.பி.யா, பி.எஸ்.ஸா, சக்கரமா, எஞ்சினா என்பதும் இல்லை. அவன் அதைக் கிழித்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறான்.

நேரம் வாங்கப் போகிறவர்கள் தொலைபேசியிலேயே இவற்றைக் கேளுங்கள்: காசு ரன்னுக்கா, மணிக்கா; கட்டுவதற்கு நான் என்ன கொண்டுவர வேண்டும்; பொனட்டை மூடி ஓட்டுவீர்களா; ரன் கோப்பைப் பென்டிரைவில் தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். என் முற்பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.