மாட்ட மறுத்த கியர் பாக்ஸ்

கியர் மாற்றும்போது கரகரவென்று பல் கடித்தால் பழி நேராகக் கியர் பாக்ஸ் மேல்தான் விழும். சத்தம் அங்கிருந்து வருகிறது, கையில் அதிர்வதும் கியர் கம்பிதான். கிளட்ச்சைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? அதனால் கப் கேடட் 100 என்ற சின்னத் தோட்ட டிராக்டரோடு வந்த அந்த வண்டிக்காரரை நான் குறை சொல்லவில்லை. வண்டியோடு இன்னொரு கியர் பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். வேறொரு மெக்கானிக் “பாக்ஸ் போச்சு” என்று சொல்லியிருக்கிறார். இவரும் தேடி அலைந்து பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கிவிட்டார். “இதை இறக்கிட்டு அதை மாட்டிக் குடுங்க தம்பி, அவ்வளவுதான் வேலை” என்றார்.

நான் மாட்டவில்லை. செய்தது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று பேசிக்கொண்டது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சத்தமில்லாமல் விழுந்தன. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேயிருந்தது. 1963-இல் வந்த 70, 100 மாடல்களில் இன்ஜினிலிருந்து ஷாஃப்ட் நேராகப் பின்னால் கியர் பாக்ஸுக்குப் போகிறது. கிளட்ச் அந்த ஷாஃப்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அமுக்கும், இரண்டு பிரஷர் பிளேட்டுக்கு நடுவில் இறுகியிருக்கும் டிஸ்க் விடுபடும், ஷாஃப்ட் ஓய்ந்து நிற்கும். டிஸ்க் முழுசாக விடாவிட்டால் பாக்ஸுக்குள்ளும் சுழற்சி போய்க்கொண்டேயிருக்கும். கியர் விழுமுன் சுழலும் வேகங்களை ஒத்துப்போகச் செய்கிற சிங்க்ரோமெஷ் எதுவும் இல்லாத பாக்ஸ் இது. சுற்றுகிற பல்லை நிற்கிற பல்லுக்குள் தள்ளினால் கடிக்காமல் என்ன செய்யும்?

ரிலீஸ் பேரிங்குக்கும் அதைத் தள்ளுகிற லீவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 0.050 அங்குலம், ஒன்றேகால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் பேரிங் எப்போதும் உரசித் தேயும், நாளடைவில் கிளட்ச் ஸ்லிப் ஆகும். கூடினால் கிளட்ச் விடாது. இங்கே அது எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. போதாக்குறைக்கு லீவரின் பின் தேய்ந்து, துளை நீளவாக்கில் இழுபட்டு, மிதிக்கிற மிதியில் பாதி அந்த ஆட்டத்திலேயே தீர்ந்துபோனது. ஷாஃப்ட்டின் முன்முனை உட்காரும் பைலட் புஷ் காய்ந்து இறுகினாலும் இதே கோளாறு வரும். டிஸ்க் விட்டாலும் புஷ் விடாமல் ஷாஃப்ட்டை இழுத்துச் சுற்றும். அதையும் பார்த்தேன், நன்றாக இருந்தது. துளையைச் சரிசெய்து புதுப் பின் போட்டேன், கிளட்ச் ராடின் நட்டைத் திருகி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் அளவைப் பிடித்தேன். அவரே ஏறி ஓட்டிப் பார்த்தார். முன் கியர் மூன்றும் ரிவர்ஸும் பிசகில்லாமல் விழுந்தன. இறங்கி வந்தவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை.

“அப்ப பாக்ஸ் நல்லாத்தான் இருக்கா?”

“ஓடுது சார். மேல் மூடியைக் கழட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கடிச்சதுல பல் முனையெல்லாம் மழுங்கியிருக்கு. எதுவும் உடையல.”

“இன்னும் எத்தனை நாள் வரும்?”

“அது சொல்ல முடியாது சார்.”

“நான் வாங்கிட்டு வந்தது?”

“அதையும் சொல்ல முடியாது.”

“ரெண்டுமே சொல்ல முடியாதுன்னா, காசு குடுத்து வாங்கினதைப் போட்டுட வேண்டியதுதானே தம்பி?”

“தேவையில்லாத வேலை சார். நான் பண்ண மாட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. குரல் உயரவில்லை, மனஸ்தாபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கூலியைக் கொடுத்துவிட்டு, பாக்ஸையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு பாக்ஸுக்கும் என் பதில் ஒன்றுதான் என்றால், எதை மாட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தானே? அதே சமயம் என் இரண்டு ‘சொல்ல முடியாது’வும் ஒரே எடையுள்ளவை அல்ல. அவர் பாக்ஸின் உள்ளே நான் கண்ணால் பார்த்தாயிற்று. வந்த பாக்ஸில் பார்த்தது அடியில் வடிந்த கொஞ்சம் ஆயிலை மட்டும். அது பால்போல் வெளுத்திருந்தது. இந்த பாக்ஸ்களுக்கு ஊற்றுகிற ஹை-டிரான் ஆயில் தண்ணீரைத் தனியாகப் பிரிந்து அடியில் தங்கவிடாது, தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வெளுக்கிறது. கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்குவது பழைய வண்டிகளில் சகஜம். வெளுத்த ஆயில் என்றால் மாற்ற வேண்டிய ஆயில், அவ்வளவே. பேரிங் போய்விட்டது என்று அர்த்தமில்லை, நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. அவரிடம் “தண்ணி போயிருக்கு சார்” என்று மட்டும் சொன்னேன். தான் வாங்கிய பொருளை நான் மட்டம் தட்டுவதாக அவர் காதில் விழுந்திருக்கலாம்.

இரண்டையும் முழுசாகப் பிரித்து ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம். பேரிங், சீல், கேஸ்கெட், கூலி என்று செலவு பாக்ஸின் விலையைத் தாண்டிவிடும். ஓடுகிற வண்டிக்கு அந்தச் செலவை நான் எந்த வாயால் சொல்வது?

என்னைக் குடைவது இன்னொன்று. ஷாஃப்ட்டை வெளியே எடுக்க நேர்ந்தால் நான் ரிலீஸ் பேரிங்கைக் கையோடு மாற்றிவிடுவேன். டீசர் ஸ்பிரிங், சுருள் பின்கள் என்று அந்த ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னச் சின்ன உருப்படிகள் எல்லாம் அப்படித்தான். பழசு நன்றாகவே இருக்கும். யாரும் மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபடி அத்தனையையும் கழற்றுவது பெரிய வேலை என்பதால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போடுவதுதான். அவர் கேட்டதும் இதே ‘எதற்கும் இருக்கட்டும்’ இல்லையா? நான் போடுவது புது உருப்படி, அவர் போடச் சொன்னது பூர்வோத்தரம் தெரியாத பழசு என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். நல்ல பதில்தான். ஆனால் புதுசு கிடைக்காத நேரத்தில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பிரஷர் பிளேட்டை, பூர்வோத்தரம் ஏதும் கேட்காமல் நானே மாட்டியிருக்கிறேன். அங்கே அந்தப் பதில் நிற்கவில்லை.

பிறகு தகவல் வந்தது. வேறு பட்டறையில் அந்த பாக்ஸை மாட்டிவிட்டாராம், வண்டி அருமையாக ஓடுகிறதாம். ஓடத்தானே செய்யும், கிளட்ச்தான் சரியாக விடுகிறதே! ஒருவேளை பாக்ஸும் நல்லதாகவே இருந்திருக்கலாம். இனி அதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கிளட்ச்சைத் தொடாமல் அந்த பாக்ஸை மாட்டியிருந்தால் அதுவும் கடித்திருக்கும், அவருக்கே உண்மை தெரிந்திருக்கும். நான் முதலில் சரிசெய்ததுதான் என் வாதத்துக்கான சாட்சியைக் கலைத்துவிட்டது. இதை எழுதும்போதே தெரிகிறது, பெயர் அந்த பாக்ஸுக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

கழற்றிய பாக்ஸை நினைத்தால்தான் சங்கடம். 1947-இல் வந்த ஃபார்மால் கப் டிராக்டரின் வழியில் வந்த கியர் பாக்ஸ் அது, பெரிய வண்டிக்கான கனம் உள்ளது. ‘போன பாக்ஸ்’ என்ற பெயரோடு எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். பெயரை மாற்றிச் சொல்ல நான் அங்கே இருக்கப்போவதில்லை.

இப்போது யாராவது பாக்ஸோடு வந்தால், நான் பெடலை மிதித்துக்கொண்டு அவர்களைக் குனிந்து ஷாஃப்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன். (சட்டைக் கையை மடித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுதான். சுற்றுகிற ஷாஃப்ட்டுக்குத் துணி என்றால் அவ்வளவு பிரியம்.) தன் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்பது என் கணக்கு. பெரும்பாலும் நம்புகிறார்கள். அண்மையில் ஒருவர் நன்றாகப் பார்த்தார், தலையாட்டினார், கோளாறு கிளட்ச்சில்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். பிறகு, “இருந்தாலும் பாக்ஸையும் மாத்திடுங்கண்ணே, கொண்டுவந்தாச்சு” என்றார்.

மாற்றிக் கொடுத்தேன்.