உப்புத் தண்ணியில் தொடங்கிய கடல் பாடம்: ஆறு சனிக்கிழமைக் குறிப்புகள்

பென்னாகரம் பக்கத்து ஊர். 5 முதல் 8 வயது வரை 14 பிள்ளைகள், சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. ஒகேனக்கல்லைப் பார்க்காதவரும் இல்லை. திமிங்கிலம், ஆக்டோபஸ் என்று பெயர் ஒப்பிக்க வைப்பது நோக்கமல்ல. ‘அந்த இடத்துல என்ன கஷ்டம்? அதைச் சமாளிக்க அந்த உடம்புல என்ன இருக்கு?’ இந்த இரண்டு கேள்வியைக் கேட்கப் பழக்கினால் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் சனி: உப்பு

தொடக்கமே சிக்கல். நம் பக்கம் போர் தண்ணிக்கே ‘உப்புத் தண்ணி’ என்று பெயர், குழாயில் வரும் காவிரி ‘நல்ல தண்ணி’. கடல் உப்பாக இருக்கும் என்றதும், “எங்க வீட்டு போர் மாதிரிதானே? அதுல மீன் விட்டோம், இருக்குதே” என்றாள் ஒரு சின்னவள். கேள்வி நியாயமானது. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கரைந்திருந்தாலே நாக்குக்கு உப்பு தெரியும். கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு 35 கிராம். இந்த வித்தியாசத்தைக் காட்டாமல் மேலே போவதில் பயனில்லை.

மூன்று டம்ளர்: காவிரித் தண்ணி, போர் தண்ணி, கடல்நீர் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணி. தூள் உப்பு என்றால் தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 35 கிராம் வரும். கல் உப்பைக் கரண்டியால் அளக்கக் கூடாது; இடையில் காற்று இருப்பதால் குறைந்துவிடும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு துளி, விரல் நுனியில். மூன்றாவது டம்ளருக்கு முகம் சுளித்த பிறகு யாரும் போர் தண்ணியோடு ஒப்பிடவில்லை.

அடுத்தது முட்டை. ‘கடல்நீரில் முட்டை மிதக்கும்’ என்று எல்லோரும் செய்து காட்டுவார்கள். 35 கிராம் கரைத்த நீரில் புது முட்டை மிதக்காது, மூழ்கும். லிட்டருக்குச் சுமார் 120 கிராம் போட்டால்தான் எழும்பும். அது கடலைப் போல மூன்று மடங்குக்கு மேல். மிதக்க வைத்தே தீருவது என்று உப்பைக் கொட்டிக்கொண்டே போனால் பிள்ளைகள் மனதில் பதிவது இல்லாத ஒரு கடல். பழைய முட்டையோ பச்சைத் தண்ணியிலேயே மிதந்து குழப்பும்.

முட்டைக்குப் பதில் மாங்காய் சரியாக வந்தது. முற்றிய மாங்காய் நல்ல தண்ணியில் மெதுவாக மூழ்கும், பிஞ்சு மிதக்கும். இது தோப்பில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த சோதனைதான். 10 லிட்டர் வாளியில் 350 கிராம் உப்பைக் கரைத்து, நல்ல தண்ணியில் மூழ்கிய காய்களை இதில் போட்டால் பெரும்பாலும் மேலே வந்து நிற்கும். ரொம்ப முற்றியது மூழ்கவும் செய்யும், அதனால் நாலைந்து காய் வேண்டும். கடல் உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் என்பதைச் சொல்லாமலே கண்டுகொண்டார்கள்.

இரண்டாம் சனி: ஒகேனக்கல் கெண்டையைக் கடலில் விட்டால்?

இதற்கே முழு நேரமும் போனது, போனதில் வருத்தமில்லை. உருளைக்கிழங்கை 5 மில்லிமீட்டர் தடிமனில் நீளத் துண்டுகளாக நறுக்கி, பாதியை நல்ல தண்ணியிலும் பாதியை 35 கிராம் உப்புநீரிலும் வகுப்பு தொடங்கியதுமே போட வேண்டும். முடியும் நேரத்தில் உப்புநீர்த் துண்டு ரப்பர் போல வளையும், நல்ல தண்ணித் துண்டு ‘டக்’ என்று ஒடியும். தடிமன் ஒரு சென்டிமீட்டர் ஆனால் ஒன்றரை மணி நேரம் போதாது. முதல் தடவை அப்படித்தான் இரண்டு துண்டும் ஒரே மாதிரி இருந்தன.

“உப்புல போட்ட மாங்காய் ஏன் சுருங்குது?” என்று கேட்டால் விடை வீட்டு ஊறுகாய்ச் சாடியிலிருந்து வரும்: உப்பு தண்ணியை இழுக்கும். சவ்வூடு பரவல் என்ற சொல் இந்த வயதுக்கு வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கிழங்கைப் பார்த்த பிள்ளைகள் “அப்ப கடல் மீனும் சுருங்கிடுமா?” என்பார்கள். அங்கேயே நிறுத்திவிட்டால் பாடம் பாதிதான். அதற்குப் புளியங்கொட்டை விளையாட்டு. கொட்டைதான் உப்பு. கடல் மீனாக நிற்கும் பிள்ளையிடம் ஒரு செம்பு தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் செம்பிலிருந்து ஒரு டம்ளர் ‘கடல்’ வாளிக்குப் போய்விடும். அதை ஈடுகட்ட, பத்துக் கொட்டை கிடக்கும் ஒரு டம்ளர் கடல்நீரை அது வாங்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் செவுளாக நிற்கும் இருவர் அடுத்த சுற்றுக்குள் கொட்டைகளைப் பொறுக்கி வெளியே போட வேண்டும். ஆற்று மீனுக்கு நேர் எதிர்: தண்ணீர் தானாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், அது குடிக்காது, விடாமல் வெளியே ஊற்ற வேண்டும். அதாவது ஓயாமல் சிறுநீர் கழிக்கும். இதற்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் யாரும் மறக்கவில்லை.

பிறகு ஆற்று மீனைக் கடல் வாளிக்கு மாற்றுங்கள். அதன் பக்கத்தில் கொட்டை பொறுக்க ஆள் இல்லை. செம்பு காலி. கெண்டை ஏன் பிழைக்காது என்று ஆறு வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். விலாங்கு போன்ற சில மீன்கள் விதிவிலக்கு. விலாங்கு ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும், அதன் செவுள் இரண்டு வேலையும் பழகும். சுறாவுக்கு வேறு தந்திரம்: யூரியாவை உடம்பிலேயே தேக்கி வைத்துக்கொள்வதால் கடல் அதனிடமிருந்து தண்ணீரைப் பிடுங்க முடியாது. பழசான சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி அந்த யூரியா அமோனியாவாக மாறுவதால் வருவதுதான். இது பெரியவர்களுக்கான செய்தி. வாசலில் நின்ற அம்மாக்கள் ரசித்தார்கள்.

மூன்றாம் சனி: டால்டா கையுறை

குளிர்க் கடல் விலங்கின் கொழுப்புப் படலத்தைக் காட்டும் பழைய செய்முறை. ஜிப் வைத்த உறை இரண்டு, ஒரு லிட்டர் கொள்ளளவில். ஒன்றில் 400 கிராம் வனஸ்பதி. மற்றொன்றை உள்வெளியாகத் திருப்பி அதற்குள் நுழைத்தால் இரண்டின் ஜிப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், டேப் வேண்டாம். கொழுப்பை எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் வருமாறு தடவிப் பரப்ப வேண்டும், முக்கியமாக விரல் நுனி படும் அடிப்பக்கம். அகலத் தொட்டியில் 3 லிட்டர் தண்ணீர், 2 கிலோ ஐஸ்.

கெட்டுப்போனவை: ஒன்று, சித்திரை வெயில். வனஸ்பதி இளகி அடியில் தேங்கியது, விரலை விரித்த இடமெல்லாம் வெறும் பிளாஸ்டிக். வகுப்புக்கு இருபது நிமிடம் முன்பு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிறது. இரண்டு, கொழுப்பில்லாத வெற்று உறை ஜோடி வைக்காதது. அது இல்லாவிட்டால் காப்பாற்றியது கொழுப்பா, பிளாஸ்டிக்கா என்று யாருக்கும் தெரியாது. வெறுங்கை, வெற்று உறை, கொழுப்பு உறை என்று மூன்றையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். வெறுங்கைக்கு 30 விநாடிக்கு மேல் விடக் கூடாது. பந்தயம் கட்டிக்கொண்டு கையை எடுக்காத பிள்ளை எங்கும் ஒன்று இருக்கும்.

மூன்றாவது தவறு நம்முடையது. “கொழுப்பு சூடு தரும்” என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். தராது, இருக்கிற சூட்டை வெளியே விடாது, அவ்வளவே. அதை உடைக்க, ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு: ஒன்று கொழுப்பு உறைக்குள், மற்றது வெற்று உறைக்குள், இரண்டும் வெளியே மேசை மேல். கொழுப்புக்குள் இருந்தது மெதுவாகக் கரைந்தது. சூடு தருவதானால் முதலில் கரைந்திருக்க வேண்டுமே! மரத்தூளில் ஐஸ் மூடி வைப்பதும் இதே கணக்கு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நம் வங்கக் கடல் வெதுவெதுப்பானது; இந்தப் பாடம் துருவக் கடலுக்கானது. ஆர்க்டிக்கின் வில்தலைத் திமிங்கிலத்துக்குக் கொழுப்புப் படலம் அரை மீட்டர் வரை போகும். கடல் என்றாலே குளிர் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் அடுத்த வாரமே நம் கரைக்குத் திரும்பினோம்.

நான்காம் சனி: மீன்கடையிலிருந்து

ஆறு வாரத்தில் சிறந்தது இது. செலவும் குறைவு: மத்தி கால் கிலோ, ஐந்தாறு மீன் நிற்கும், கணவாய் இரண்டு. கடல் மீன் ஞாயிறுக்குத்தான் நிறைய வருவதால் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கழுவாமல், வெட்டாமல், ஐஸோடு வாங்கணும். பழக்க தோஷத்தில் கடைக்காரர் தலையைக் கிள்ளிவிடுவார். வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் இருந்தால் மீன் பெயர் வேறாக வரும். எல்லாப் பெயரையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

மத்தியின் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு கருத்த கடல்நீரோடு கலக்கும், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வயிறு வெளிச்சத்தோடு கலக்கும். இதை அட்டை மீன் செய்து காட்டப் போய்த் தோற்றோம். அட்டையை வானத்துக்கு எதிரே பிடித்தால், கீழ்ப்பக்கம் எவ்வளவு வெள்ளையடித்தாலும் கறுப்பு நிழலாகத்தான் தெரிகிறது. கீழிருந்து அதன் மேல் படும் ஒளி போதாது. தண்ணீருக்குள் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வயிற்றிலும் படும். தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, அதற்கு மேல் அட்டையைப் பிடித்த பிறகு வயிறு வெளுத்துத் தெரிந்தது, ஓரளவுக்கு. முழுதாக மறையவில்லை, கடலிலும் முழுதாக மறைவதில்லை.

கணவாயின் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும், 10 மடங்கு கைலென்ஸ் போதும். ஒவ்வொன்றும் நிறப் பை. சுற்றியிருக்கும் தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பலூனில் மார்க்கரால் 5 மில்லிமீட்டர் புள்ளிகள் வைத்து இரு பக்கமும் இழுக்கச் சொன்னால் தோல் நிறம் மாறும் விதம் கைக்கே தெரியும். புள்ளி காய இரண்டு நிமிடம் விடாவிட்டால் விரலெல்லாம் மை. உள்ளே குடலை ஒட்டி வெள்ளி மினுக்கும் கருப்பு உறை ஒன்று இருக்கும், அதுதான் மைப்பை. வெள்ளைத் தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி அதில் குத்த வேண்டும். நல்ல சட்டையோடு வந்த பிள்ளைகளை ஓரடி தள்ளி நிறுத்துங்கள்.

கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது நுரையல்ல, கணவாய் இனத்தின் உள் ஓடு. வாங்கித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உடைத்துப் பார்த்தால் அடுக்கடுக்கான மெல்லிய அறைகள். அறைகளில் உள்ள நீரின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் அது எழும்பவும் தாழவும் செய்கிறது.

ஐந்தாம் சனி: மிதப்பும் இருட்டும்

மீனின் காற்றுப்பைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலும் பேனா மூடியும். மூடியின் நுனியில் ஓட்டை இருந்தால் களிமண்ணால் அடைக்கணும், இல்லாவிட்டால் காற்று போய் அப்படியே மூழ்கிவிடும். வாய்ப்பக்க விளிம்பில் கொஞ்சம் களிமண் ஒட்டி, டம்ளரில் சோதித்து, நுனி மட்டும் தலைகாட்டும்படி எடையைச் சரிசெய்த பிறகே பாட்டிலுக்குள் விட வேண்டும். பாட்டிலை விளிம்பு வரை நிரப்புங்கள். மேலே காற்று இருந்தால் பிள்ளைக் கையின் அழுத்தம் அதிலேயே போய்விடும். அமுக்கினால் மூடிக்குள் காற்று சுருங்கி இறங்கும், விட்டால் ஏறும். மீன் இப்படிப் பையைத் தசையால் பிழிவதில்லை, உள்ளே வாயுவைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் தூக்கும்.

இருட்டுக்குச் செருப்புப் பெட்டி. உள்ளே கறுப்புத் தாள், அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் தாள் மீன்கள். பார்க்கும் ஓட்டையிலும் ஒளி வரும் ஓட்டையிலும் நீல செலோஃபேன், ஒரு மடிப்பு போதாது, மூன்று நான்கு வேண்டும். சிவப்பு மீன் கறுப்போடு கறுப்பாகிவிடும். தண்ணீரில் சிவப்பு ஒளிதான் முதலில் தொலையும். கடையில் பளிச்சென்று சிவப்பாகக் கிடக்கும் சங்கரா மீன் கீழே போனால் மங்கிவிடும். வெயில் ஓரளவு எட்டுவது 200 மீட்டர் வரை, அதாவது ஒகேனக்கல் அருவியைப் பத்து அடுக்காக வைத்த ஆழம். ‘பத்து அருவி’ என்றால் இங்கே புரிகிறது.

ஆறாம் சனி: இடத்துக்கு ஏற்ற உடம்பு

மூன்று இடச்சீட்டு: அலை மோதும் பாறை, மணல் தரை, பத்து அருவிக்குக் கீழே இருட்டு. களிமண்ணில் அந்த இடத்துக்கு ஒரு விலங்கு செய்ய வேண்டும். முதல் சுற்றில் எல்லா விலங்குக்கும் முள், மை, கொழுப்பு, கொடுக்கு, ஆறு கண். ‘மூணே மூணு வசதிதான், ஒவ்வொண்ணும் எந்தக் கஷ்டத்துக்குன்னு சொல்லணும்’ என்று விதி போட்டதும் யோசிக்கத் தொடங்கினார்கள். பாறைச் சீட்டு எடுத்த குழு ஒட்டிக்கொள்ளும் அடியும் மூடிக்கொள்ளும் ஓடும் வைத்தது. தண்ணி வடிந்ததும் காயாமல் இருக்க மூடிக்கொள்ளுமாம். பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகள் செய்வது இதையேதான். கடல் சாமந்தி என்ற பெயரைச் சொல்லிவிட்டு விளக்காமல் விடாதீர்கள். சாமந்தித் தோட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைப் பூவாகவே செய்துவிடுகிறார்கள். அது மீன் பிடித்துத் தின்னும் விலங்கு.

செய்யாமல் விட்டவை: தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி உருண்டைகள். கடல் தொட்டி என்று பலரும் போடுகிறார்கள். விழுங்கினால் குடலில் பெருத்து அடைத்துவிடும். இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். நீல நிறத்துக்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் கூடாது, வாயில் வைப்பார்கள். கேசரிப் பொடி போல உணவு நிறமே போதும். எண்ணெயும் நீலத் தண்ணியும் ஊற்றிக் குலுக்கும் ‘அலை பாட்டில்’ அழகுதான், ஆனால் அதில் எந்த உயிரும் எந்தக் கஷ்டத்தையும் சமாளிப்பதில்லை. தவிர்த்தோம்.

முடித்ததும் மீன் கழிவைத் தென்னங்குழியில் புதைக்கலாம், ஒரு முழ ஆழம், இல்லாவிட்டால் நாய் தோண்டும். உப்புநீரைச் செடிகொடிக்கு ஊற்றாதீர்கள். முதல் வாரம் வாளித் தண்ணியை முருங்கைக் கன்றடியில் சாய்த்ததில் நாலு நாளில் இலை தொங்கிவிட்டது. அடுத்த சனி அதையும் உருளைக்கிழங்குத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.